முன்னறியாத ஆசிரியர்: வகுப்பறைக் கருவிகளும் மாணவரோடு கற்றலும் – ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

ஆசிரியர் முன்னே கற்றவர். மாணவர் பின்னே கற்பவர். தமிழ்க் கல்வி மரபில் இவ்வரிசை ஐயத்திற்கு இடமற்ற ஒன்றாகவே கருதப்பட்டு வந்துள்ளது. இலக்கண நூற்பாவாயினும் செய்யுளாயினும், தாம் முன்பே பலமுறை பயின்றதையே ஆசிரியர் வகுப்பில் எடுத்துரைக்கிறார். கற்பிக்கும் பொருளைப் பொறுத்தவரை இவ்வரிசை பெரும்பாலும் சரியானதே. ஆனால் கற்பிக்கும் கருவியைப் பொறுத்தவரை அது எப்போதும் சரியாக இருந்ததில்லை. புதிய கருவி ஒன்று வகுப்பறைக்குள் நுழையும்போது ஆசிரியரும் மாணவரும் ஒரே நாளில் அதன்முன் அமர்கின்றனர். சிலவேளைகளில் மாணவரே ஓரடி முன்னே நிற்கிறார்.

கணினி வகுப்பறைக்கு வந்த நாள்முதல் மலேசிய, சிங்கப்பூர்த் தமிழாசிரியர்கள் கூடும் இடங்களில் ஒரு மனக்குறை தொடர்ந்து ஒலித்து வருகிறது. பிள்ளைகளுக்குத் தெரிந்த அளவு தங்களுக்குத் தெரியவில்லை என்பதே அது. பெரும்பாலும் வெட்கத்தோடும் சிலவேளை சினத்தோடும் சொல்லப்படும் இக்குறை கணினியோடு பிறந்ததன்று. இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே சென்னையில் ஒரு வகுப்பறை இதே நிலையைச் சந்தித்துள்ளது. அங்கு நிகழ்ந்தது உலகக் கல்வி வரலாற்றிலும் இடம்பெற்றுவிட்டது. அந்நிகழ்வையும், 1995க்குப் பின் நம் தமிழ் வகுப்பறைகளில் கணினி நுழைந்த வரலாற்றையும் அடுத்தடுத்து வைத்து நோக்குவதே இக்கட்டுரையின் முயற்சி.

எழும்பூரில் ஒரு மணற்பரப்பு

ஸ்காட்லாந்து நாட்டவரான ஆண்ட்ரு பெல் (1753–1832) 1787இல் இந்தியாவுக்கு வந்தார். சமயப் பணியாளரான அவர், சென்னை எழும்பூரில் 1789இல் தொடங்கப்பட்ட இராணுவ ஆண் அனாதைகள் காப்பகத்தின் கண்காணிப்பாளராகப் பொறுப்பேற்றார். ஐரோப்பியப் படைவீரர்களின் பிள்ளைகளே அங்குப் பயின்றனர். அவர்களுள் பலருக்குத் தாய்மார் இந்தியப் பெண்கள். கற்பித்தல் மந்தமாக நடந்தது. எழுத்துகளை அறிந்துகொள்ளவே பிள்ளைகள் பல மாதங்கள் எடுத்துக்கொண்டனர்.

1790களின் தொடக்கத்தில் ஒருநாள் பெல் குதிரையேறிச் சென்றபோது, வழியில் ஒரு ‘மலபார்’ப் பள்ளியைக் கண்டார். அக்காலச் சென்னை ஆங்கிலேயர் தமிழரையும் தமிழ்மொழியையும் ‘மலபார்’ என்றே அழைத்தனர் என்பதை இங்கு நினைவிற்கொள்ள வேண்டும். அவர் கண்டது ஒரு திண்ணைப் பள்ளியே. பிள்ளைகள் தரையில் அமர்ந்து, பரப்பிய மணலில் விரலால் எழுத்துகளை எழுதிக்கொண்டிருந்தனர். தாளோ மையோ இறகுக் கோலோ அங்கில்லை. எழுதியதை உள்ளங்கையால் அழித்துவிட்டு உடனே மீண்டும் எழுதலாம். தவறு செய்வதற்குச் செலவில்லை என்பதே அம்மணலின் சிறப்பு. நம்மவர்க்கு அன்றாடக் காட்சியாக இருந்த இது பெல்லுக்குப் பெரிய கண்டுபிடிப்பாகத் தோன்றியது. தம் பள்ளிக்குத் திரும்பிய அவர், தொடக்க வகுப்பில் எழுத்துகளை மணலில் கற்பிக்குமாறு துணையாசிரியர்களிடம் கூறினார்.

வரலாற்றின் திருப்பம் இங்கேதான் நிகழ்ந்தது. துணையாசிரியர்கள் இணங்கவில்லை; இது நடவாத செயல் என்றனர். தாங்கள் அறியாத முறையை, அதுவும் உள்ளூர்ப் பிள்ளைகள் மண்ணில் உட்கார்ந்து செய்யும் ஒன்றை, அவர்கள் கற்றுக்கொள்ள விரும்பவில்லை. அறியாமையைவிட மதிப்புக் குறைவைப் பற்றிய அச்சமே இதில் மிகுதி என்று நான் கருதுகிறேன். தரையில் அமர்ந்து மணலில் விரல் வைப்பவர் அன்றைய ஐரோப்பியக் கண்ணில் ஆசிரியராகத் தோன்றியிருக்க மாட்டார்.

பெல் அவர்களோடு வாதாடவில்லை. ஜான் ஃப்ரிஸ்கன் என்னும் சிறுவனை அழைத்தார். அவனுக்கு வயது எட்டு. சாதாரணப் படைவீரர் ஒருவரின் மகன். எழுத்து வகுப்பை அவனிடம் ஒப்படைத்தார். ஆசிரியர் முடியாது என்றதைச் சிறுவன் செய்து காட்டினான். அதன்பின் மேல்வகுப்புகளிலும் மாணவரே மாணவர்க்குக் கற்பிக்கும் ஏற்பாடு படிப்படியாக உருவாயிற்று. 1796இல் பெல் சென்னையை விட்டுச் சென்றார். மறு ஆண்டு இலண்டனில் தம் சோதனையை நூலாக வெளியிட்டார். ஆசிரியரின் மேற்பார்வையில் ஒரு பள்ளி தனக்குத்தானே கற்பித்துக்கொள்ளும் முறை என்பது அந்நூலின் நீண்ட தலைப்பிலேயே இடம்பெற்ற கருத்தாகும். ‘சென்னை முறை’ என்ற பெயரோடு அது இங்கிலாந்து முழுவதும் பரவியது. ஜோசப் லங்காஸ்டர் 1798இல் இலண்டனில் தொடங்கிய பள்ளி இதனை ஒத்த முறையில் நடைபெற்றது. இங்கிலாந்தின் ஏழைப் பிள்ளைகளுக்காக 1811இல் உருவான தேசியச் சங்கம் பெல்லின் முறையையே ஏற்றுக்கொண்டது. இலண்டன் பள்ளிகளின் கடைசி வகுப்பில் மணல் பரப்பிய மேசைகள் இடம்பெற்றன. சென்னைத் தெருவோரத்து மணல் கடல்கடந்து மேசைமேல் ஏறிற்று எனலாம். கிழக்கிந்தியக் கம்பெனியின் இயக்குநர்களே 1814 ஜூன் 3ஆம் நாள் வங்காள அரசுக்கு விடுத்த மடலில், இந்நாட்டு ஊர் ஆசிரியர்களின் முறை பெல் வழியாகத் தங்கள் நாட்டிற்குக் கொண்டுசெல்லப்பட்டதை ஒப்புக்கொண்டுள்ளனர்.

இவ்வரலாற்றைத் தமிழர் பெருமையாக மட்டும் சொல்லி முடித்துவிடுவது எளிது. நம் மேடைகளில் அவ்வாறே சொல்லப்பட்டும் வருகிறது. ஆனால் இங்குக் கவனிக்க வேண்டியது வேறு. துணையாசிரியர்கள் மணலருகே அமர்ந்து சிறுவர்களோடு தாமும் அதனைப் பழகியிருந்தால் என்ன நடந்திருக்கும்? ஆசிரியரின் மொழியறிவும் சிறுவனின் விரல் வேகமும் ஓரிடத்தில் கூடியிருக்கும். அது நிகழவில்லை. ஆசிரியர் ஒதுங்கினார், கருவி மாணவன் கைக்குப் போயிற்று. பின்னர் அந்த ஒதுக்கமே ஒரு முறையாக இறுகியது. நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் போதும், எஞ்சியதைச் சட்டாம்பிள்ளைகள் பார்த்துக்கொள்வர் என்னும் சிக்கனக் கணக்காக அது மாறியது. சட்டாம்பிள்ளை தனக்குச் சொல்லப்பட்டதைத் திருப்பிச் சொன்னான். அதற்குமேல் ஒரு கேள்வி எழுந்தால் அவனிடம் விடையில்லை. மனப்பாடமே மிஞ்சிற்று. 1840களுக்குள் இங்கிலாந்தில் இம்முறையின் செல்வாக்குச் சரிந்தது. 1846இல் வயது முதிர்ந்த மாணவர்களை முறையாகப் பயிற்றும் பயிற்சி மாணவாசிரியர் திட்டம் அதன் இடத்தைப் பிடித்தது.

நன்னூலின் கணக்கு

திண்ணைப் பள்ளியில் பெல் கண்டது கருவியை மட்டுமே. அக்கருவிக்குப் பின்னால் இருந்த கல்விக் கொள்கை அவர் கண்ணில் படவில்லை. அதனை அறிய நாம் 13ஆம் நூற்றாண்டு நன்னூலுக்குச் செல்ல வேண்டும்.

பவணந்தி முனிவரின் பொதுப்பாயிரம் தமிழாசிரியர் அனைவரும் பயின்ற பகுதியே. நல்லாசிரியர்க்கு நிலம், மலை, நிறைகோல், மலர் ஆகியன உவமைகள் என்பதைப் பயிற்சிக் கல்லூரித் தேர்வுக்காக மனப்பாடம் செய்யாதவர் நம்மில் இலர். அதே பாயிரத்தில் மாணவன் பாடம் கேட்கும் முறையைக் கூறுமிடத்தில் ஒரு கணக்கு உள்ளது. ஆசிரியர் உரைப்பதை எவ்வளவு கருத்தாகக் கேட்டாலும் மாணவன் பெறுவது கால்பங்கே. உடன்பயில்வோரோடு பழகுவதால் இன்னொரு கால்பங்கு சேரும். எஞ்சிய அரைப்பங்கு, தான் கற்றதைப் பிறர்க்கு எடுத்துரைக்கும்போதே நிறைவுறும். பவணந்தியின் கணக்கில் கற்பித்தல் என்பது கற்றலின் பாதி.

இதனை நாம் வழக்கமாக மாணவர்க்கு அறிவுரையாகச் சொல்கிறோம். ஆசிரியரை நோக்கியும் அது பேசுகிறது என்பது போதிய கவனம் பெறவில்லை. கற்பிக்கத் தொடங்கும் நாளில் ஆசிரியர் அரைப்புலவர். மறுபாதியை வகுப்பறையே அவருக்குத் தருகிறது. இப்பொருளில் நோக்கின், மாணவர் முன்னிலையில் ஆசிரியர் கற்றுக்கொண்டிருப்பது மரபுக்கு இழுக்கன்று. எழும்பூர்த் துணையாசிரியர்கள் இழந்தது மணலை மட்டுமன்று, இந்த அரைப்பங்கையும்தான்.

பினாங்கிலிருந்து தோட்டப்புறம் வரை

பெல் சென்னையை விட்டு நீங்கி இருபது ஆண்டுகளில், 1816 அக்டோபர் 21ஆம் நாள், பினாங்கு இலவசப் பள்ளி தொடங்கப்பட்டது. மலாயாவில் தமிழ்க்கல்வியின் தொடக்கமாக அதுவே கொள்ளப்பட்டு, 2016இல் இருநூறாம் ஆண்டு நிறைவு மலேசியாவெங்கும் கொண்டாடப்பட்டது. பின்வந்த நூற்றாண்டில் ரப்பர்த் தோட்டங்கள் பெருகின. 1912ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளிப் பருவப் பிள்ளைகள் பத்துப்பேர் இருந்தால் தோட்ட நிருவாகம் பள்ளி அமைக்க வேண்டும் என்ற கடப்பாட்டை மலாய்க் கூட்டு மாநிலங்களில் கொண்டுவந்தது. ஓர் ஆசிரியர், ஓர் அறை, பல வகுப்புகள் என்பதே அப்பள்ளிகள் பலவற்றின் நிலை. சிலேட்டும் குச்சியும் கருவிகள். மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்கு முறை சொல்லிக்கொடுத்தது அங்குக் கொள்கையினால் அன்று, வேறு வழியின்மையால்.

வானொலியும் தொலைக்காட்சியும் அடுத்து வந்தன. சிங்கப்பூரில் 1967இலும் மலேசியாவில் 1972இலும் கல்வித் தொலைக்காட்சி தொடங்கியது. இவற்றைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஏனெனில் அவை ஆசிரியரிடம் எதையும் கேட்கவில்லை. பெட்டியை இயக்கிவிட்டு மாணவரோடு அமர்ந்து பார்த்தால் போதும். யார் முன்னே, யார் பின்னே என்ற கேள்வியே எழவில்லை. கணினி அவ்வாறன்று. அது கையைக் கேட்டது.

கணினி வந்த காலம்

1995 அக்டோபரில் சிங்கப்பூர்க் கவிதைகளை நான்கு மொழிகளிலும் தாங்கிய இணையத்தளம் ஒன்றை அன்றைய அதிபர் ஓங் டெங் சியோங் தொடங்கிவைத்தார். இணையத்தில் தமிழ் ஏறிய முதல் நிகழ்வுகளுள் இது தலையாயது. அதன் தமிழ்ப் பகுதிக்குப் பொறுப்பேற்றவர் நா. கோவிந்தசாமி. அவர் கணினிப் பொறியாளர் அல்லர், சிறுகதை எழுத்தாளர், நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் தேசியக் கல்விக் கழகத்தில் தமிழாசிரியர்களைப் பயிற்றுவித்த விரிவுரையாளர். சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தின் உயிர்வேதியியல் அறிஞர் டான் டின் வீயோடு சேர்ந்து இணையத்தின் நுட்பங்களைத் தாமே கற்று, ‘கணியன்’ என்னும் தமிழ் மென்பொருளை உருவாக்கினார். 1997 மே மாதம் சிங்கப்பூரில் நடைபெற்ற ‘தமிழ்நெட் 97’ மாநாட்டின் பின்னணியிலும் அவரே நின்றார். 1999இல் அவர் மறைந்தபோது தமிழிணையம் இன்னும் குழந்தைப் பருவத்தில் இருந்தது. ஆசிரியர்க்கு ஆசிரியராக விளங்கிய ஒருவரே தம் நடுவயதில் மாணவராகி இத்துறையைத் திறந்தார் என்பது நம் துறையினர் அடிக்கடி நினைக்க வேண்டிய செய்தி.

மலேசியாவில் முத்து நெடுமாறன் 1980களின் நடுவிலேயே ‘முரசு’ மென்பொருளைத் தொடங்கியிருந்தார். அது பின்னர் ‘முரசு அஞ்சல்’ ஆகி இரு நாட்டுப் பள்ளிகளிலும் பரவலாகப் புழங்கியது. 2005ஆம் ஆண்டுப் பொங்கலன்று அவருடைய ‘செல்லினம்’ கைப்பேசிக்கும் தமிழைக் கொண்டுசென்றது.

அரசுகளும் விரைந்தன. சிங்கப்பூர்க் கல்வி அமைச்சு 1997 ஏப்ரலில் தன் முதல் தகவல் தொழில்நுட்பப் பெருந்திட்டத்தை அறிவித்தது. 2002க்குள் பாடநேரத்தில் 30 விழுக்காடு கணினிவழி அமைய வேண்டும், இரண்டு மாணவர்க்கு ஒரு கணினி இருக்க வேண்டும் என்பன இலக்குகள். ஒதுக்கப்பட்ட தொகை ஏறத்தாழ 200 கோடி வெள்ளி. பயிற்சி பெற்ற ஆசிரியர் அடுத்த ஆசிரியரைப் பயிற்றுவிப்பது என்ற அடுக்குமுறை கையாளப்பட்டது. பெல்லின் ஏணியை இம்முறை ஆசிரியர்களுக்கே சாத்தினர் என்று சொல்லத் தோன்றுகிறது. மலேசியாவில் பல்லூடகப் பெருவழித் திட்டத்தின் ஒரு கூறாக விவேகப் பள்ளித் திட்டம் 1997இல் வகுக்கப்பட்டு 1999 முதல் சோதனை நிலையில் நடைபெற்றது.

இத்திட்டங்களில் தமிழாசிரியரின் நிலை மற்றவர் நிலையினின்றும் வேறுபட்டது. ஆங்கில ஆசிரியர் கற்க வேண்டியது கணினியை மட்டுமே. தமிழாசிரியரோ கணினியைக் கற்றபின், அதில் தமிழை எங்ஙனம் வரவழைப்பது என்பதையும் தேட வேண்டியிருந்தது. அதற்கு ஒரு விடை இருந்திருந்தால் யாராவது முன்கூட்டிக் கற்பித்திருக்கலாம். ஆனால் ஒவ்வொரு மென்பொருளும் தனக்கென ஓர் எழுத்துருவையும் குறியீட்டு முறையையும் கொண்டிருந்தது. சென்னையில் 1999 பிப்ரவரியில் நடைபெற்ற மாநாட்டின் வழியாகத் ‘தமிழ் 99’ விசைப்பலகையும் டாம், டாப் குறியீடுகளும் வந்தன. இணையக் குழுக்களில் ‘திஸ்கி’ வழங்கியது. ஒருங்குறியில் தமிழுக்கு 1991 முதலே இடம் இருந்தும், அது பள்ளிக் கணினிகளில் இயல்பாகப் புழங்கப் பல ஆண்டுகள் ஆயின. தமிழக அரசு ஒருங்குறியை ஏற்று அறிவித்ததே 2010இல்தான். ஆக, ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகள் தமிழாசிரியர் முன்னறிந்திருக்கவே இயலாத ஒரு துறையில் நிற்க வேண்டியிருந்தது. அவருடைய அறியாமைக்கு அவர் சோம்பல் காரணமன்று.

மலேசியத் தமிழ்ப்பள்ளிகளில் இன்னொரு முரணும் சேர்ந்தது. 2003இல் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்படலாயின. அவ்வாசிரியர்களுக்கு மடிக்கணினியும் ஒளிவீச்சியும் பாடக் குறுவட்டுகளும் வழங்கப்பட்டன. தமிழ்ப்பள்ளிக்குள் புதுக்கருவி ஆங்கிலத்தின் கைப்பிடித்தே நுழைந்தது. அக்கொள்கையைக் கைவிடும் முடிவு 2009இல் அறிவிக்கப்பட்டது, கருவிகள் நின்றன. அறிவியல் பாடத்திற்கு வந்த மடிக்கணினியில் தமிழ் எழுத்துருவை ஏற்றித் தமிழ்ப் பாடத்தை நடத்திய ஆசிரியர்களை நான் அறிவேன். அவர்களுக்கு அதைச் சொல்லிக்கொடுக்க எந்தப் பயிற்சியும் நடந்ததில்லை.

பள்ளியும் பல்லியும்

இங்கு என் அனுபவம் ஒன்றைக் குறிப்பிடுவது பொருந்தும். 2002இல் ஓர் உயர்நிலைப்பள்ளியின் கணினிக்கூடத்தில் தமிழ் வகுப்பு நடத்த நேர்ந்தது. வீட்டில் உருவாக்கிய பயிற்சித்தாளை நெகிழ்வட்டில் கொண்டுசென்றிருந்தேன். திரையில் விரிந்தது தமிழன்று. பொருளற்ற இலத்தீன் எழுத்துகளும் குறிகளும். முப்பது பேர் பார்த்துக்கொண்டிருந்தனர். பின்வரிசையில் இருந்த ஒரு மாணவன் எழுந்து வந்து, “ஐயா, உங்கள் எழுத்துரு இந்தக் கணினியில் இல்லை” என்றான். எங்கிருந்தோ அதை எடுத்து உரிய இடத்தில் சேர்த்தான், தமிழ் வந்தது. தமிழ்ப் பாடத்தில் அதுவரை வாய் திறவாத பையன் அவன்.

அன்று மாணவர்கள் ‘என் பள்ளி’ என்ற தலைப்பில் ஒரு பத்தி தட்டச்சு செய்தனர். பாதிப்பேரின் தாளில் ‘என் பல்லி மிகவும் பெரியது’ என்றிருந்தது. அப்பல்லியில் ஆயிரம் மாணவர்கள் படிப்பதாகவும் சிலர் எழுதியிருந்தனர். நான் சிவப்பு மையால் சுழித்து மதிப்பெண்ணைக் குறைத்தேன். ஒரு மாணவி மறுத்தாள்; கையால் எழுதினால் தான் பள்ளி என்றே எழுதுவதாகக் கூறி, கரும்பலகையில் சரியாக எழுதியும் காட்டினாள். பின்னர் விசைப்பலகையில் அக்காரணத்தை எனக்கு விளக்கினாள். அவர்கள் கையாண்டது ஆங்கில எழுத்து வழியாகத் தமிழைத் தட்டும் முறை. அதில் சிறிய ‘எல்’ லகரத்தைத் தரும், மேல்மாற்று விசையோடு அழுத்தினால் ளகரம் வரும், ழகரத்திற்கு ‘இசட்’. ரகர றகரமும் னகர ணகரமும் அவ்வாறே. விரைந்து தட்டும் விரல் மேல்மாற்று விசையை மறந்தால் பள்ளி பல்லியாகும், பணம் பனமாகும்.

எழுத்துப்பிழையும் விசைப்பிழையும் வேறு என்பதை நான் அன்றுதான் கற்றேன். அடுத்த தாளில் ஒரு மாணவன் ‘பரவைகள் வானில் பறந்தன’ என்று எழுதியிருந்தான். ‘பறந்தன’ சரி, ‘பரவை’ விசைப்பிழை. ஆயினும் பரவை என்பதும் தமிழ்ச்சொல்லே. கடல் என்று பொருள்படும். பிழைதிருத்தி ஒன்று இருந்திருப்பினும் அதைப் பிடித்திராது. கடல்கள் வானில் பறந்த கதையை வகுப்பில் சொன்னபோது மாணவர்கள் சிரித்தனர். ஆனால் அச்சொல்லை அதன்பின் அவர்கள் மறக்கவில்லை. விசையை அவள் எனக்குச் சொன்னாள். சொல்லை நான் அவர்களுக்குச் சொன்னேன். இவற்றுள் ஒன்று இல்லையேல் மற்றொன்று அன்று நிகழ்ந்திராது.

பிறகு தமிழ் 99 விசைப்பலகையையும் சேர்ந்தே பழகினோம். ஒரே மெய்யை இருமுறை தட்டினால் முதலெழுத்தின்மேல் தானே புள்ளி ஏறுவதையும், ஙகரத்தின்பின் ககரமோ ஞகரத்தின்பின் சகரமோ தட்டினால் முன்னுள்ள எழுத்துப் புள்ளி பெறுவதையும் மாணவர்களே கண்டுபிடித்துக் கூவினர். அது ஏன் என்று கேட்டவர்களுக்கு இனவெழுத்தை விளக்கும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. பல ஆண்டுகளாக உயிரற்ற பட்டியலாக நான் நடத்திவந்த பாடம் அது. மெல்லினத்தின்பின் அதன் இனமான வல்லினம் வருவது விரல்நுனியில் தெரிந்தபின் பட்டியல் தேவைப்படவில்லை. ஒரு சொல் மட்டும் எங்களைத் திணறடித்தது. ‘மமதை’ என்று தட்டினால் ‘ம்மதை’ என்றே வந்தது. இடையில் அகர விசையை அழுத்தினாலன்றி மமதை வரவில்லை. அதைக் கண்டறிந்ததும் ஒரு மாணவனே. கருவிமுன் அமரும் ஆசிரியர்க்கு அச்சொல் அவ்வளவு எளிதில் வராதது பொருத்தமே.

ஆங்கில எழுத்துவழித் தட்டச்சா, தமிழ் 99ஆ என்ற வாதம் ஆசிரியரிடையே நெடுநாள் நடந்தது. தமிழ் எழுத்தை ஆங்கில ஒலிவழியே நினைக்கும் பழக்கம் பிள்ளைகளிடம் வேரூன்றிவிடும் என்ற அச்சம் நியாயமானதே, நானும் அக்கருத்தினனே. ஆனால் இரண்டையும் தாமே தட்டிப் பார்க்காத ஆசிரியரின் சொல்லை மாணவர் செவிமடுக்கவில்லை. தட்டிப் பார்த்தவர் சொன்னபோது, முழு உடன்பாடு இல்லாவிடினும், கேட்டனர்.

ஒதுங்கியவர்களும் இருந்தனர். கணினிக்கூட வகுப்பைக் கெட்டிக்கார மாணவர் இருவரிடம் விட்டுவிட்டு மேசையில் தாள் திருத்திய ஆசிரியர்களைக் கண்டிருக்கிறேன். அவ்வகுப்புகளில் வண்ணமும் அசைவும் மிக்க படைப்புகள் வந்தன. அவற்றிலிருந்த தமிழை எவரும் படித்துப் பார்க்கவில்லை. எழும்பூர் மீண்டும் நிகழ்ந்தது.

வீடே வகுப்பறையான பின்

2020 மார்ச் 18இல் மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கியது. ஏப்ரல் 8இல் சிங்கப்பூர் மாணவர் அனைவரும் வீட்டிலிருந்தே கற்கும் நிலைக்கு மாறினர். 2018 முதல் சிங்கப்பூரில் இருந்துவந்த மாணவர் கற்றல் தளமும், மலேசியா 2020இல் தொடங்கிய ‘டெலிமா’ தளமும் திடீரென ஒரே வகுப்பறையாயின. முப்பதாண்டுப் பணிமூப்புடைய ஆசிரியர்கள் ஒலிவாங்கியைத் திறக்கவும் மூடவும் தம் மாணவரிடமும் பேரப்பிள்ளைகளிடமும் கேட்டுக் கற்றனர். வெட்கப்பட அன்று யாருக்கும் நேரமிருக்கவில்லை. அதே நாள்களில் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் பலர் வீட்டில் கருவியின்றி, பெற்றோரின் ஒரே கைப்பேசிக்காக மாலைவரை காத்திருந்தனர் என்பதையும் மறைக்கக் கூடாது. மாணவரோடு கற்பதற்கு மாணவர் அங்கு இருக்க வேண்டும்.

2022 நவம்பருக்குப் பின் உரையாடும் செயற்கை நுண்ணறிவு வந்துள்ளது. அது தரும் தமிழ்க் கட்டுரையை மாணவர் கொண்டுவருகின்றனர். தடைசெய்வதா ஏற்பதா என்ற வாதம் நடக்கிறது. பயிற்சி ஆசிரியர்களோடு நான் செய்து பார்ப்பது வேறு. கருவி தந்த பத்தியை ஒன்றாக அமர்ந்து வாசிக்கிறோம். ஒருமை பன்மை மயக்கங்களையும், தமிழில் எவரும் சொல்லாத தொடர்களையும், சில இடங்களில் இல்லாத நூல்களையும் அதில் கண்டோம். கருவியிடம் எப்படிக் கேட்க வேண்டும் என்பதை அவர்கள் எனக்குக் காட்டினர். அத்தொடர் ஏன் தமிழாகவில்லை என்பதைச் சொல்ல வேண்டிய பொறுப்பு என்மேல் விழுந்தது. எளிதில் சொல்ல இயலவில்லை. இத்தனை ஆண்டுகள் காதால் அறிந்ததை இலக்கணமாக எடுத்துரைக்க நானும் நூலைப் புரட்ட வேண்டியிருந்தது.

இக்கட்டுரைக்காக என் பழைய பயிற்சித்தாள்களைத் தேடியபோது, 1998 என்று குறித்த நெகிழ்வட்டு ஒன்று கிடைத்தது. அதைப் படிக்கும் கணினி என்னிடம் இல்லை. அந்த எழுத்துருவும் இல்லை. அக்காலத் தமிழ் வகுப்பறைகளின் சான்றுகள் பல இவ்வாறே பெட்டிகளில் கிடக்கின்றன. தாளாக இருந்திருந்தால் கறையான் அரித்தபின்னும் பாதியைப் படித்திருக்கலாம். வட்டு எழுதப்பட்டபின் பிறந்தவரான என் பயிற்சி மாணவி ஒருவர் அதனை வாங்கிச் சென்று, ஒரு வாரத்தில் ஒருங்குறிக்கு மாற்றிக் கொண்டுவந்தார். தாள் தெளிவாக இருந்தது. தலைப்பை அடுத்த முதல் தொடரின்கீழ் அவர் பென்சிலால் மெல்லிய கோடு ஒன்று இட்டிருந்தார். மரியாதை கருதி வாய்திறந்து எதுவும் சொல்லவில்லை. ‘மரங்களில் பரவைகள் கூடு கட்டும்’ என்று நான் தட்டியிருந்தேன்.